ஏரியின் வயதும் மரபணுவின் வயதும்: விக்டோரியா ஏரிச் சிக்லிட் மீன்களின் சிற்றினத் தோற்றம் குறித்த ஆய்வு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் ஏறத்தாழ 500 சிக்லிட் சிற்றினங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினா ஒரு நூற்றாண்டாக உயிரியலாளரிடையே விவாதிக்கப்பட்டு வருகின்றது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பு அவ்வேரி முற்றிலும் வறண்டிருந்தது என 1996இல் நிலவியலாளர் அறிவித்தபோது இவ்வினா ஒரு முரண்பாடாக மாறியது. அவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை சிற்றினங்கள் தோன்ற இயலுமா என்பதே அம்முரண்பாடு. 1922 முதல் 2023 வரை இவ்வினாவை ஆய்வாளர்கள் அணுகிய முறைகளை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கின்றது. ஒப்பீட்டு மரபணுத்தொகுதியியல் பழைய வினாவிற்குப் புதிய சான்று தந்ததோடு நிற்கவில்லை; சிற்றினத்தின் வயதையும் அதனை உருவாக்கிய மரபணு வேறுபாடுகளின் வயதையும் பிரித்துக் காட்டியதன் வழி வினாவையே மாற்றியமைத்தது என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

குறிச்சொற்கள்: சிக்லிட், சிற்றினத் தோற்றம், மரபணுத்தொகுதி, கலப்பினமாதல், விக்டோரியா ஏரி, அறிவியல் வரலாறு.

முன்னுரை

புதிய சிற்றினம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை ஆராய்வோருக்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. அந்நிகழ்வு பெரும்பாலும் மனித வாழ்நாளினும் மிக நீண்ட காலத்தில் நடைபெறுவது. எனவே, உயிரியலாளரும் வரலாற்றாசிரியரைப் போல எஞ்சியுள்ள சான்றுகளைக் கொண்டு நிகழ்ந்ததை மீட்டுருவாக்க வேண்டியவராகின்றார். எச்சான்றினை ஏற்பது, எதனைப் பிழையென ஒதுக்குவது, இரு சான்றுகள் முரண்படின் எதனை நம்புவது என்னும் வினாக்கள் இருவருக்கும் பொதுவானவை. இவ்வினாக்கள் ஒரு துறையின் போக்கை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை அறிய விக்டோரியா ஏரியின் மீன்கள் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள விக்டோரியா, பரப்பளவில் ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ஏரியாகும். லுகாண்டா மொழியினர் இதனை நலுபாலே என்றும் லுவோ மொழியினர் நாம் லோல்வே என்றும் அழைப்பர். பரப்பிற்கேற்ற ஆழம் இதற்கில்லை; மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ 80 மீட்டரே. ஆழமின்மை என்னும் இவ்வியல்பு பின்னர் விவாதத்தின் மையமானது.

சிக்லிட் குடும்பம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானதன்று. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று தமிழகக் குளங்களிலும் ஏரிகளிலும் நிறைந்துள்ள ஜிலேபிக் கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மீனாகும். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனும் இக்குடும்பத்ததே. எனினும், இக்குடும்பத்தின் பெருக்கத்தை உணர ஆப்பிரிக்கப் பேரேரிகளையே நோக்க வேண்டும். விக்டோரியா ஏரியின் சிக்லிட்டுகளுள் பாறைப்பாசியைச் சுரண்டித் தின்பவை உண்டு. நத்தை ஓட்டை நொறுக்குபவை உண்டு. பூச்சிப்புழுக்களைத் தேடுபவை, மிதவை உயிரிகளை வடிகட்டி உண்பவை, பிற மீன்களை வேட்டையாடுபவை உண்டு. முட்டைகளைத் தன் வாயில் வைத்துக் காக்கும் தாய்மீனிடமிருந்து அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து உண்பவைகூட உள்ளன. தாடையும் பல்லும் நிறமும் சிற்றினந்தோறும் வேறுபட, உடலமைப்பின் அடிப்படை மட்டும் பெரிதும் ஒத்திருக்கின்றது.

1. அருங்காட்சியகக் காலம்

இம்மீன்கள் குறித்த அறிவியல் பதிவுகள் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் தொடங்கின. ஆப்பிரிக்க நன்னீர் மீன்களுக்கு ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சே தொகுத்த அட்டவணை 1909 முதல் 1916 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அவருக்குப் பின் சார்லஸ் டேட் ரீகன் 1922இல் விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களைத் தனியே ஆராய்ந்து வெளியிட்டார். ஏரியை நேரில் காணாது, சாராயத்தில் இட்டு அனுப்பப்பட்ட மீன்களைக் கொண்டே அக்காலத்து வகைப்பாட்டாளர்கள் பணியாற்றினர். ஆண்மீனின் நிறம் சாராயத்தில் மங்கிவிடும். எனவே, எலும்பு, பல், செதில் ஆகியவற்றின் எண்ணிக்கையும் வடிவமுமே வகைப்பாட்டின் அடிப்படையாயின. நிறத்தால் மட்டும் வேறுபடும் சிற்றினங்கள் பல அவர்களது கண்ணிற்குத் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1927–28இல் மைக்கேல் கிரஹாம் ஏரியின் மீன்வளத்தை நேரில் அளவிட்டார். வேறிடத்திலிருந்து பெரிய இரைதின்னி மீனைக் கொண்டுவந்து இவ்வேரியில் விடுவது மிகுந்த ஆபத்தானது என அவர் தம் அறிக்கையில் எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை பொருட்படுத்தப்படாததன் விளைவு இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் காட்டப்பெறும்.

அடுத்த தலைமுறையில் ஹம்ஃப்ரி கிரீன்வுட் உகாண்டாவின் ஜிஞ்சாவில் இருந்த மீன்வள ஆய்வு நிறுவனத்தில் தங்கி, உயிருள்ள மீன்களையும் அவற்றின் வாழிடங்களையும் கண்டு ஆராய்ந்தார். 1956 முதல் அவர் வெளியிட்ட திருத்த வகைப்பாட்டு வரிசையும், அதன் சாரமாக 1974இல் வெளியான நூலும் இத்துறைக்கு அடித்தளமாயின. இத்தனை வகைகளும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தனவா, அன்றிப் பல மூதாதையரிடமிருந்து வந்தனவா என்பதை உடலமைப்பைக் கொண்டு மட்டும் அவரால் முடிவுசெய்ய இயலவில்லை. ஒரே உணவுமுறையை மேற்கொள்ளும் மீன்கள் உறவின்றியும் ஒத்த தாடையைப் பெறலாம் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. ஒற்றை மூதாதை என்னும் கருத்தை அவர் 1979–80இல் ஐயுற்று, ஹாப்லோகுரோமிஸ் என்னும் பெரும்பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தமை இங்கு நோக்கத்தக்கது.

2. பிரிவின்றித் தோற்றமில்லை: மாயரின் செல்வாக்கு

அக்காலத்தில் சிற்றினத் தோற்றக் கோட்பாட்டில் எர்ன்ஸ்ட் மாயரின் கருத்தே மேலோங்கியிருந்தது. தம்முள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களுடன் கலவாத உயிர்க்கூட்டமே சிற்றினம் என 1942இல் வெளியான தம் நூலில் அவர் வரையறுத்தார். மலை, கடல், ஆறு போன்ற தடையால் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் தனித்திருந்தாலன்றிப் புதிய சிற்றினம் தோன்றாது என்பது அவர் வலியுறுத்திய கருத்தாகும். ஒரே ஏரியில் தடையேதுமின்றி நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் வாழ்வது இக்கோட்பாட்டிற்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது.

இதற்கு ஒரு விடை விக்டோரியாவின் மேற்குக் கரையை ஒட்டியுள்ள நபுகாபோ என்னும் சிற்றேரியில் கிடைத்தது. மணல்மேட்டால் பேரேரியிலிருந்து ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த அவ்வேரியில், வேறெங்கும் காணப்படாத ஐந்து சிக்லிட் சிற்றினங்கள் உள்ளன என்பதைக் கிரீன்வுட் 1965இல் விரித்துரைத்தார். பேரேரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் கரையோரச் சிற்றேரிகள் பிரிந்து, அவற்றில் புதிய சிற்றினங்கள் தோன்றி, நீர் உயர்ந்தபோது மீண்டும் பேரேரியில் சேர்ந்திருக்கலாம் என்னும் விளக்கம் இதனால் வலுப்பெற்றது. ஜெஃப்ரி ஃப்ரையரும் தாமஸ் ஐல்சும் 1972இல் வெளியிட்ட பெருநூலிலும் இத்தகைய பிரிவுகளுக்குச் சிறப்பிடம் தரப்பட்டது.

இவ்விளக்கம் மாயரின் கோட்பாட்டைக் காத்தது. ஆயின் அது ஒரு முன்னெடுகோளைச் சார்ந்திருந்தது. ஏரிக்கு மிக நீண்ட வயது உண்டு என்பதே அம்முன்னெடுகோள். அன்றைய மதிப்பீடு 2.5 இலட்சம் முதல் 7.5 இலட்சம் ஆண்டுகள் வரை அமைந்திருந்தது. அவ்வளவு காலம் இருந்தால் நீர்மட்டம் பலமுறை உயர்ந்து தாழ வாய்ப்புண்டு. காலம் ஒரு தடையாகக் கருதப்படவில்லை.

3. எதிர்பாராத ஒற்றுமை: 1990

உடலமைப்பை விடுத்து மரபுப்பொருளை நேரே படிக்கும் முயற்சி 1990இல் பெருந்திருப்பத்தை உண்டாக்கியது. ஆக்செல் மாயர், தாமஸ் கோச்சர், பாசசிப்வாகி, ஆலன் வில்சன் ஆகியோர் விக்டோரியா ஏரியின் ஒன்பது பேரினங்களைச் சேர்ந்த 14 சிற்றினங்களிலிருந்து மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வின் 803 எழுத்துகளை ஒப்பிட்டு, நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அந்த 14 சிற்றினங்களுக்கிடையே காணப்பட்ட வேறுபாடு, மனிதர் என்னும் ஒரே சிற்றினத்திற்குள் காணப்படும் வேறுபாட்டினும் குறைவு. இதிலிருந்து அவர்கள் இரு முடிவுகளுக்கு வந்தனர். ஒன்று, இம்மீன்கள் ஒற்றை மூதாதை வழியின. மற்றொன்று, அவை பிரிந்து 2 இலட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை.

கிரீன்வுட்டின் ஐயத்திற்கு விடை கிடைத்துவிட்டதாகவே அன்று கருதப்பட்டது. எனினும், அச்சான்றின் எல்லை நினைவிற்கொள்ளத்தக்கது. மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. தாய்வழியாக மட்டும் ஒரே துண்டாகக் கைமாறுவது. அது தரும் வரலாறு ஒரு தாய்வழியின் வரலாறேயன்றி முழு மரபணுத்தொகுதியின் வரலாறன்று. தந்தைவழியாகவோ கலப்பின் மூலமாகவோ வந்து சேர்ந்தவற்றை அது காட்டாது. சான்று பொய்யுரைக்கவில்லை, ஆனால், அது கூறாத பகுதி பெரிது என்பது பின்னரே தெளிவாயிற்று.

4. வறண்ட ஏரி: 1996

தாமஸ் ஜான்சன் தலைமையிலான நிலவியல் குழு ஒலியலைகளை ஏரியடியில் செலுத்தி வண்டல் படுகைகளை அளவிட்டதோடு, அப்படிவுகளைத் துளையிட்டு மாதிரிகளும் எடுத்தது. ஏரியின் ஆழமான பகுதியிலும் வண்டலுக்கடியில் வெயிலில் காய்ந்து இறுகிய பழைய நிலப்பரப்பு இருப்பதும், அதில் புல்லினத் தாவரங்களின் வேர்த்தடம் பதிந்திருப்பதும் கண்டறியப்பட்டன. ஆழமற்ற அவ்வேரி முழுவதும் வறண்டிருந்தது என்பதும், கரிமக் காலக்கணிப்பில் 12,400 ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது நாட்காட்டிக் கணக்கில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, மீண்டும் நிறையத் தொடங்கியது என்பதும் 1996இல் சயின்ஸ் இதழில் வெளியான முடிவுகளாகும்.

இம்முடிவை உயிரியலாளர் அனைவரும் ஏற்கவில்லை. ஃப்ரையர் தொடர்ந்து பல கட்டுரைகளில் இதனை மறுத்தார். தூய நீரிலன்றி வாழ இயலாத மீன்களும், வேறெங்கும் இல்லாத பிற உயிரினங்களும் இவ்வேரியில் இருப்பதால் அது முற்றிலும் வறண்டிருக்க முடியாது என்பது அவரது வாதம். நிலவியலாளர் தரப்பில் கர்ட் ஸ்டேகரும் ஜான்சனும் 2008இல் சான்றுகளைத் தொகுத்து மீண்டும் வறட்சியை உறுதிசெய்தனர். ஒருபுறம் மண்ணின் சான்று. மறுபுறம் ‘இது நிகழ இயலாது’ என்னும் உயிரியல் துணிபு. ஃப்ரையரின் நிலைப்பாட்டை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் பொருந்தாது. அன்றிருந்த சிற்றினத் தோற்றக் கோட்பாட்டின்படி அவரது ஐயம் முறையானதே.

அவ்வையத்தின் வலிமையை ஓர் எளிய கணக்கு உணர்த்தும். மலாவி ஏரிச் சிக்லிட்டுகளில் பெற்றோரையும் குஞ்சுகளையும் ஒப்பிட்டுப் பின்னாளில் அளவிடப்பட்ட சடுதிமாற்ற வீதம், ஒரு தலைமுறையில் 100 கோடி எழுத்துகளுக்கு மூன்று அல்லது நான்கு. ஓராண்டிற்கு ஒரு தலைமுறை எனக் கொண்டாலும், 15,000 ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்த இரு கூட்டங்களிடையே புதிய சடுதிமாற்றங்களால் மட்டும் 10,000 எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே வேறுபாடு உண்டாகும். அவற்றுள்ளும் மிகப்பெரும்பாலானவை பயனோ தீங்கோ விளைவிக்காதவை. தாடை, பல், கண், நிறம், வாழும் ஆழம் ஆகியவற்றை ஒருங்கே மாற்றும் பயனுள்ள சடுதிமாற்றங்கள் உரிய வேளையில் தோன்றி, கூட்டம் முழுவதும் பரவி, அதுவும் நூற்றுக்கணக்கான முறை நிகழ வேண்டுமெனின் 15,000 ஆண்டுகள் போதா.

இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்க ஒரு வழி, மீன்கள் வேறிடத்தில் தோன்றி இங்கு வந்தன எனக் கொள்வதாகும். எரிக் வெர்ஹெயனும் உடனாய்வாளரும் 2003இல் மைட்டோகாண்டிரியா ஒப்பீட்டின்வழி, இம்மீன்களின் முன்னோர் மேற்கிலுள்ள கிவு ஏரியிலிருந்து வந்திருக்கலாம் எனவும், இக்கூட்டத்தின் வயது ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டு எனவும் கூறினர். அதே ஆண்டில் ஓலே சீஹவுசனும் உடனாய்வாளரும் உட்கரு டி.என்.ஏ.வை ஆராய்ந்து வேறொரு முடிவைத் தந்தனர். மைட்டோகாண்டிரியாவில் காணப்படாத மிகுதியான வேறுபாடு உட்கருவில் உள்ளது என்பதும், அது காங்கோ வழியினரிடமும் நைல் வழியினரிடமும் இருந்து வந்தது என்பதும் அம்முடிவின் சாரம். 2004இல் சீஹவுசன் இதனைப் பொதுக்கருதுகோளாக வளர்த்தார். விலகிய இரு வழியினர் கலந்து உண்டாகும் கலப்பினக் கூட்டமே விரைவான தகவமைப்புப் பரவலுக்கு மூலப்பொருளாகலாம் என்பது அக்கருதுகோள். இதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ ஒன்றிரண்டு மரபணுக்கள் போதா; முழு மரபணுத்தொகுதியும் தேவைப்பட்டது.

5. ஒப்பீட்டு முறை: ஒரு விளக்கம்

ஒப்பீட்டு மரபணுத்தொகுதியியலின் அடிப்படை, சுவடிப் பதிப்பியலை அறிந்த தமிழாய்வாளருக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒரு நூலின் பல ஏட்டுப்படிகளை வைத்துப் பாடவேறுபாடுகளைக் குறிக்கும் பதிப்பாசிரியர், ஒரே பிழையைக் கொண்ட படிகள் ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை எனக் கொள்வார். மரபணுத்தொகுதிகளை வரிசைப்படுத்தி வேறுபடும் எழுத்துகளைக் குறிக்கும் உயிரியலாளரும் இதனையே செய்கின்றார். பகிரப்பட்ட மாற்றம் பகிரப்பட்ட வழியைக் காட்டுகின்றது. சிக்லிட் ஒன்றின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 100 கோடி எழுத்துகளைக் கொண்டது. எனவே ஒப்பீட்டிற்குரிய இடங்கள் இலட்சக்கணக்கில் கிடைக்கின்றன.

சுவடியியலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுதுவோர் ஒருவர் இரு வேறு படிகளை அருகில் வைத்துக்கொண்டு, சிலவிடத்து ஒன்றையும் சிலவிடத்து மற்றொன்றையும் பின்பற்றி எழுதியிருப்பின், அப்படியின் வழியை ஒற்றைக் கிளையாக வரைய முடியாது. கலப்பினமாதல் இதற்கு நிகரானது. மரபணுத்தொகுதியின் ஒரு பகுதி ஓர் உறவையும் மற்றொரு பகுதி வேறோர் உறவையும் காட்டும். எனினும், கலப்பில்லாமலும் இத்தகைய முரண் தோன்றலாம். மூதாதையிடம் இருந்த இரு வடிவங்களும் வழித்தோன்றல்களுக்குத் தற்செயலாகப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உள்ளது. மிக நெருங்கிய இரு சிற்றினங்கள், சற்று விலகிய மூன்றாவது, மிக விலகிய நான்காவது ஆகியவற்றை ஒப்பிடுகையில், தற்செயல் மட்டுமே காரணமெனின் மூன்றாவதன் மாற்றங்கள் முதலிரண்டிலும் சம அளவில் காணப்பட வேண்டும். ஒன்றில் மட்டும் அவை மிகுந்திருப்பின் அதனுடன் கலப்பு நிகழ்ந்திருக்கிறது. நியாண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்தோர் 2010இல் கையாண்ட இச்சோதனை மீன் ஆய்விலும் இன்றியமையாத கருவியாயிற்று.

6. ஐந்து மரபணுத்தொகுதிகள்: 2014

2014இல் நேச்சர் இதழில் ஐந்து ஆப்பிரிக்கச் சிக்லிட்டுகளின் மரபணுத்தொகுதிகள் வெளியிடப்பட்டன. டாங்கனிக்கா, மலாவி, விக்டோரியா ஆகிய ஏரிகளிலிருந்து ஒவ்வொன்றும், டாங்கனிக்காவைச் சூழ்ந்த ஆறுகளில் வாழும் ஒன்றும், ஒப்பீட்டிற்கு அடிநிலையாக நைல் திலாப்பியாவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. திலாப்பியா, தமிழகத்து ஜிலேபிக் கெண்டையின் நெருங்கிய உறவாகும். அது பேரேரிகளில் பெருஞ்சிற்றினப் பெருக்கத்தை நிகழ்த்தாத வழியைச் சேர்ந்ததாதலின், பெருகிய வழியில் எவை மாறியுள்ளன எனக் காண அளவுகோலாகப் பயன்பட்டது.

ஒற்றை விடையை எதிர்பார்த்தோருக்கு அவ்வாய்வு பல விடைகளைத் தந்தது. கிழக்காப்பிரிக்க வழியில் மரபணு இரட்டிப்பு மிகுந்திருந்தது. மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பல மாறியிருந்தன. இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டுகள் மரபணுக்களின் அருகே செருகப்பட்டு அவற்றின் வெளிப்பாட்டை மாற்றியிருந்தன. விக்டோரியா ஏரியின் ஆறு நெருங்கிய சிற்றினங்களைச் சேர்ந்த 60 மீன்களை ஒப்பிட்டபோது, சிற்றினங்களைப் பிரிக்கும் வேறுபாடுகள் ஓரிடத்தில் குவியாமல் மரபணுத்தொகுதி முழுவதும் பரவியிருந்ததும், அவற்றுட் சில ஏரியினும் மிகப் பழையன என்பதும் தெரியவந்தன. இவ்விறுதிச் செய்தியே வரலாற்று நோக்கில் முதன்மையானது. இயற்கைத் தேர்வு புதியனவற்றிற்காகக் காத்திருக்கவில்லை. முன்பே இருந்தவற்றிலிருந்து தெரிந்தெடுத்தது.

மலாவி ஏரியிலும் இதனையொத்த நிலை காணப்பட்டது. மிலன் மாலின்ஸ்கியும் உடனாய்வாளரும் 2018இல் 73 சிற்றினங்களைச் சேர்ந்த 134 மீன்களின் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டனர். இரு சிற்றினங்களிடையே சராசரி வேறுபாடு 0.1 முதல் 0.25 விழுக்காடு மட்டுமே. அச்சிற்றினங்களின் உறவை முழுமையாக உணர்த்தும் ஒற்றை மரவரைபடம் எதனையும் வரைய இயலவில்லை. கிளைகளிடையே மரபணு ஓட்டம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருந்தது.

7. கலப்பே மூலம்: 2017, 2023

விக்டோரியா குறித்த கருதுகோளுக்கு நேர்ச்சான்று 2017இல் கிடைத்தது. யோவானா மையரும் சீஹவுசனும் உடனாய்வாளரும் விக்டோரியாவையும் சூழ்ந்துள்ள ஏரிகளையும் சேர்ந்த மீன்களின் மரபணுத்தொகுதிகளைச் சுற்றுப்புற ஆறுகளின் மீன்களோடு ஒப்பிட்டனர். ஏறத்தாழ 700 சிற்றினங்கள் கொண்ட இப்பெருங்கூட்டம் முழுவதும், காங்கோ வழி ஒன்றும் மேல்நைல் வழி ஒன்றும் ஏறத்தாழ 1.5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கலந்ததன் வழித்தோன்றல் என்பது உறுதியாயிற்று. ஏரிதோறும் வாழும் வெவ்வேறு சிற்றினங்களிலும் இவ்விரு வழியின் கூறுகளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காணப்பட்டமை, கலப்பு முந்தியது, சிற்றினப் பெருக்கம் பிந்தியது என்பதற்குச் சான்றாகின்றது.

இக்குழுவினர் 2023இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு வறட்சிக்குப் பிந்தைய நிகழ்வுகளையும் விளக்கியது. ஏரி வறண்டிருந்த காலத்தில் மீன்கள் சதுப்புநிலங்களில் தனித்தனிக் கூட்டங்களாகத் தங்கியிருந்தன. அவை ஒவ்வொன்றும் பழைய கலப்பின் வழித்தோன்றல். ஆயின் ஒவ்வொன்றும் தொன்மரபணு வடிவங்களின் வெவ்வேறு தொகுப்பைக் காத்து வைத்திருந்தது. ஏரி மீண்டும் நிறைந்தபோது அவை புதிய நீரில் சந்தித்து ஒன்றாயின. அவ்வொன்றுபட்ட கூட்டத்திலிருந்தே இன்றைய சிற்றினங்கள் அவ்வேரியிலேயே பிரிந்தன. கூடுதலும் பிரிதலும் மாறிமாறி நிகழ்ந்த சுழற்சியே இவ்வேகத்தின் காரணம் என்பது அவர்களது முடிவாகும்.

இவ்வகையில் 1996இன் முரண்பாடு தீர்ந்தது. ஜான்சனின் மண்சான்றும் சரியே. 15,000 ஆண்டுகளில் இத்தனை புதுமை தோன்றாது என்னும் ஃப்ரையரின் ஐயமும் ஒரு பொருளில் சரியே. புதிதாகத் தோன்றியவை சிற்றினங்கள். அவற்றை ஆக்கிய மரபணு வடிவங்கள் மிகப் பழையவை. இரு தரப்பினரும் ஏரியின் வயதும் மரபணுவின் வயதும் ஒன்றெனக் கொண்டதே விவாதத்தின் முடிச்சாகும்.

கலப்பு மட்டுமே போதுமானதன்று என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். ஏரி வண்டலில் அடுக்கடுக்காகக் கிடைத்த மீன்பற்களை ஆராய்ந்து 2023இல் வெளியான மற்றொரு ஆய்வு, ஏரி நிறையத் தொடங்கியபோது சிக்லிட்டுகளோடு வேறு மீன்களும் உடன்வந்து சேர்ந்தன எனக் காட்டியது. முதலில் வந்தமையால் சிக்லிட்டுகள் வென்றன என்பதற்கு இடமில்லை. ஒரே வாய்ப்பு பலருக்கும் கிட்டியபோது, அதனைப் பயன்படுத்தும் மரபணு வளம் அவற்றிடம் இருந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

8. ஒளியும் கண்ணும் நிறமும்

பழைய மரபணு வடிவங்கள் சிற்றினமாக்கத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதற்குப் புண்டமிலியா பேரினத்தின் இரு மீன்கள் நன்கு ஆராயப்பட்ட சான்றாகும். ஒன்றன் ஆண் நீலநிறத்தது. ஆழம் குறைந்த நீரில் வாழ்வது. மற்றொன்றன் ஆண் சிவப்புநிறத்தது. சற்று ஆழத்தில் வாழ்வது. தான்சானியாவின் முதற் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் பெயரால் சிவப்பு மீன் நைரேரேய் எனப் பெயரிடப்பட்டது. விக்டோரியா ஏரிநீரில் ஆழம் கூடக்கூட நீல ஒளி குறைந்து செவ்வொளி எஞ்சும். கண்ணில் நீண்ட அலைநீள ஒளியை உணரும் ஆப்சின் மரபணுவின் ஒரு வடிவம் நீல மீனிலும், செம்மையை மிகுதியாக உணரும் மற்றொரு வடிவம் சிவப்பு மீனிலும் காணப்படுவதைச் சீஹவுசன் குழுவினர் 2008இல் நிறுவினர். ஆழத்திற்கேற்பக் கண்ணும், கண்ணிற்கேற்பப் பெண்மீனின் நிறத்தேர்வும், அத்தேர்விற்கேற்ப ஆண்மீனின் நிறமும் மாற, இடையில் மலையோ ஆறோ இன்றி இரு கூட்டங்கள் பிரிகின்றன. இந்த ஆப்சின் வடிவங்களின் இரு பெருவகைகளும் மேற்கூறிய இரு மூதாதை வழிகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தவை என்பதை 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிரிவுக்குரிய கருவியைக் கலப்பே தந்தது எனலாம்.

இப்பிரிவு நீரின் தெளிவைச் சார்ந்தது. ஆய்வகத் தொட்டிகளில் இம்மீன்கள் கலந்து வளமான வழித்தோன்றல்களைத் தருகின்றன. இயற்கையில் அவற்றைப் பிரித்து வைப்பது பெண்மீனின் கண்ணும் விருப்பமும் ஆகும். வயல் உரமும் நகரக் கழிவும் கலந்து பாசி பெருகி நீர் கலங்கிய இடங்களில் நிறவேறுபாடு மங்குவதையும், சிற்றினங்கள் குறைவதையும் சீஹவுசன், வான் ஆல்ஃபன், விட்டே ஆகியோர் 1997இலேயே சுட்டிக்காட்டினர். மிகக் கலங்கிய நீரில் சிவப்பும் நீலமும் ஒரே கலப்புக் கூட்டமாகிவிடுகின்றன.

9. படிக்கப்படாது போன ஏடுகள்

கிரஹாம் எச்சரித்த நிகழ்வு அவர் அறிக்கை வெளியாகி முப்பது ஆண்டுகளுக்குள் நடந்தேறியது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நைல் கொடுவா என்னும் பேருருவ இரைதின்னி மீன் விக்டோரியா ஏரியில் விடப்பட்டது. 1980களில் அதன் எண்ணிக்கை திடீரெனப் பெருகியது. 1977 முதல் தான்சானியாவின் முவான்சா வளைகுடாவில் பணியாற்றிவந்த நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழு, தான் வகைப்படுத்திக்கொண்டிருந்த மீன்கள் ஆண்டுக்காண்டு வலையில் அருகி மறைவதைக் கண்டது. ஏறத்தாழ 200 சிற்றினங்கள் மறைந்தன அல்லது மறையும் நிலையை எய்தின என ஃபிரான்ஸ் விட்டேயும் உடனாய்வாளரும் 1992இல் பதிவுசெய்தனர். சில பின்னர் மீண்டன, பல மீளவில்லை.

மரபணுத்தொகுதியை முழுமையாகப் படிக்கும் நுட்பம் வந்து சேர்ந்தபோது அம்மீன்கள் ஏரியில் இல்லை. அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளவற்றுள் பெரும்பாலானவை ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டமையால் அவற்றின் டி.என்.ஏ. சிதைந்து, படிப்பதற்கு அரிதாகிவிட்டது. ஏடு செல்லரித்தபின் படியெடுக்க முனைந்த பதிப்பாசிரியரின் நிலை இது.

15,000 ஆண்டுகளில் 500 சிற்றினங்கள் தோன்றின எனின், அழிந்தவை விரைவில் மீண்டும் தோன்றாவோ என ஒருவர் வினவலாம். கட்டுரையில் கண்ட வரலாறு இதற்கு விடை தருகின்றது. அவ்வேகம் வெற்றிடத்திலிருந்து பிறந்ததன்று. நெடுங்காலம் சேர்ந்த மரபணு வளத்தைச் செலவிட்டுப் பெற்றது. முவான்சா வளைகுடாவின் பைத்தான் தீவுகளில் உள்ள சிவப்பு, நீல மீன்கள், கலந்த கூட்டமொன்றிலிருந்து மீண்டும் பிரிந்தவை என மரபணு ஆய்வு காட்டுவதும் உண்மையே. அவ்வாறு பிரிய இரு வடிவங்களும் அக்கூட்டத்தில் எஞ்சியிருக்க வேண்டும். அவற்றைப் பிரிக்கும் தெளிந்த நீரும் இருக்க வேண்டும். கூடுதல் இழப்பன்று, மரபணு வடிவங்கள் அற்றுப்போவதே இழப்பு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. விக்டோரியா ஏரிச் சிக்லிட் ஆய்வு உடலமைப்பு, மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ., முழு மரபணுத்தொகுதி என மூன்று சான்றுநிலைகளைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு நிலையின் முடிவும் அச்சான்று எதனைக் காட்ட வல்லது என்பதைச் சார்ந்தே அமைந்தது.

2. 1996இல் எழுந்த முரண்பாடு, சிற்றினத்தின் வயதையும் அதன் மரபணு வேறுபாடுகளின் வயதையும் ஒன்றாகக் கருதியதால் விளைந்தது. ஒப்பீட்டு மரபணுத்தொகுதியியல் இவ்விரண்டையும் பிரித்தறிந்து அதனைத் தீர்த்தது.

3. மாயரின் கோட்பாட்டில் சிற்றினத்தின் எல்லையைச் சிதைப்பதாகக் கருதப்பட்ட கலப்பினமாதல், இன்று சிற்றினத் தோற்றத்தின் மூலவளங்களுள் ஒன்றாக மதிப்பிடப்படுகின்றது. பரிணாம வரலாற்றைக் கிளைக்கும் மரமாக மட்டும் வரைவது இம்மீன்களுக்குப் பொருந்தாது.

4. பாதுகாப்பு நோக்கில், சிற்றினப் பட்டியலைக் காப்பதோடு, அவற்றைப் பிரித்து வைக்கும் நீரின் தெளிவையும், சுற்றுப்புறச் சதுப்புகளிலும் ஆறுகளிலும் வாழும் எளிய மீன்கூட்டங்களையும் காக்க வேண்டியுள்ளது. ஏரி வறண்ட காலத்தில் அடுத்த 500 சிற்றினங்களுக்குரிய வித்தைக் காத்து வைத்திருந்தவை அச்சதுப்புகளே.